ஏற்காட்டில் ‘மெக்சிகன் லாகர்’ பயிற்சி: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

‘வீட்டிலேயே மெக்சிகன் லாகர் காய்ச்சலாம், ஏற்காட்டுக் குளிரில் இரண்டு நாள் பயிற்சி, கிட் கையோடு தரப்படும்’ என்று உங்கள் போனுக்கும் விளம்பரம் வந்திருந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். (லாகர் என்பது குளிரில் புளிக்கவைக்கும் ஒரு வகை பியர்.) என் அக்கா மகன் அனுப்பினான். கிட்டுக்கு 7,500, தங்கிப் பயிற்சி எடுக்க 5,000, ஆக 12,500 ரூபாய். போன மே மாதம் அவனோடு நானும் மலையேறினேன். அங்கே பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து இதில் இருக்கிறது.

அவன் என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. நான் பெர்த்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்காக வீட்டில் பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. சூப்பர் மார்க்கெட்டிலேயே கிட் கிடைக்கும். 1.7 கிலோ டின்னில், கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்துக் காய்ச்சிய மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு, அதன் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட். கூட ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) வாங்கி, வெந்நீரில் கரைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவைத்தால் சரி. மெக்சிகன் வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்குப் போன ஜெர்மானிய, ஆஸ்திரிய பியர்க்காரர்கள் கொண்டுபோன கலை அது. மெக்சிகோவில் பார்லியோடு மக்காச்சோளமும் சேர்ந்தது, கசப்பு குறைந்தது. வெயிலில் வேலை முடித்து வந்து குடித்தால் கனமே இல்லாமல் இறங்கும். ஊர் திரும்பிய பிறகு அந்த ருசியை நான் ரொம்பவே தேடினேன். அதனால்தான் பையன் “மாமா, நீங்க பெர்த்துல போட்டீங்கள்ல, அதே ஐட்டம்” என்று சொன்னதும் மறு கேள்வி கேட்காமல் கிளம்பினேன். கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை நானும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சனிக்கிழமை காலையில் சேலத்திலிருந்து கிளம்பி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். ஏரியைத் தாண்டிக் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு வாடகை வீடு. எங்களோடு சேர்த்து ஏழு பேர். ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி, நாமக்கல்லிலிருந்து மூன்று பையன்கள். நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். ஹாலில் ஒரு நீல வாளி, அடியில் குழாய் வைத்தது. குழாய்க்கு மேலே பிறை மாதிரி ஒரு கீறல். பியர் காய்ச்சுகிறவர் யாரும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை வைத்துக்கொள்ள மாட்டார். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கோட்டுக்குள் கிருமி தங்கி, மொத்தப் பாத்திரத்தையும் புளிக்காடியாக்கிவிடும். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

“ஏற்காட்டுக் குளிர் இருக்கே சார், லாகருக்குன்னே கடவுள் குடுத்தது” என்று ஆரம்பித்தார். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கு 26 டிகிரி. லாகர் என்பது சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. உண்மையான லாகர் ஈஸ்டுக்கு 10 முதல் 13 டிகிரி வரை, ஏறாமல் இறங்காமல், இரண்டு வாரமாவது வேண்டும். அப்புறம் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே பல வாரம் கிடக்க வேண்டும். 1,500 மீட்டர் உயரத்து மலையானாலும் மே மாதப் பகலில் அது நடக்காது, பிரிட்ஜ் வேண்டும். இந்த மாதிரி கிட்களில் பலவற்றில் லாகர் என்று போட்டிருந்தாலும் உள்ளே வைப்பது ஏல் (குளிர் தேவைப்படாத இன்னொரு பியர்) வகை ஈஸ்ட், அது 20 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். அப்படியானால் மலைக்கே வர வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் அந்தக் குளிருக்கு என்று வாங்கிய 5,000 ரூபாய்க்கு அர்த்தமில்லை.

டின்னைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் தேதி அடித்திருந்த இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தார்கள். திறந்ததும் தெரிந்துவிட்டது. இந்த வகைக்குரிய பாகு தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்திருந்தது. வெயிலில் கிடந்த பழைய மால்ட் பாகு அப்படித்தான் ஆகும். அதில் என்ன செய்தாலும் வெளிர் மஞ்சளில் லேசான பியர் வராது. ஈஸ்ட் பாக்கெட்டையும் சோதித்துவிடலாம் என்று சொன்னேன். அவர் தயங்கினார். பையன் அடுப்படியில் ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு, அந்த ஈஸ்டைக் கொஞ்சம் தூவினான். உயிர் இருந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் மேலே நுரை கட்டும். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் அது சேறு மாதிரி அடியில்தான் கிடந்தது.

அடுத்து டெக்ஸ்ட்ரோஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏமாற்று சேலத்துக்காரனிடம் எடுபடக் கூடாது. என் அப்பா ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ பேக்டரியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை வெட்டிக் காயவைப்பதைப் பள்ளிக்கூட நாட்களில் தினமும் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பாக்கெட்டைப் பிரித்து விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். கறகறவென்று இறுகி நின்றது. ஸ்டார்ச் மாவு அப்படித்தான் நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் நாக்கில் வைத்தால் ஜில்லென்று இனிக்கும். இதில் இனிப்பே இல்லை. பச்சைத் தண்ணீரில் போட்டேன், பால் மாதிரி கலங்கி அடியில் படிந்தது. “வெந்நீர் கொஞ்சம் குடுங்க” என்று வாங்கி ஊற்றிக் கலக்கினேன். டம்ளரில் பசை. ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும். ஸ்டார்ச்சை அதனால் தொட முடியாது. பியர் ஆலையில் பார்லியை முளைக்கவைத்து மால்ட்டாக்கி வெந்நீரில் ஊறவைப்பதே அதில் இருக்கிற ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றத்தான். அந்த வேலையே நடக்காத மாவை ஒரு கிலோ கட்டி, டெக்ஸ்ட்ரோஸ் என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். நம் ஊர் மாவு, நம் ஊர் ஆட்களின் உழைப்பு, அதைப் போய் இப்படி ஒரு பொய்க்குப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது கடைசியாகக் கொடுத்த காகிதம். ‘நான்காம் நாள் பாட்டிலில் அடைக்கவும், பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போடவும்’ என்று அதில் இருந்தது. அடைப்பதற்குக் காட்டிய பாட்டில்களில் பாதி பிராந்தி பாட்டில்கள். சர்க்கரை இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் கிட்டிலேயே இல்லை. “குமிழி நின்னா முடிஞ்சுது சார்” என்றார். குமிழியை நம்பவே கூடாது. ஹைட்ரோமீட்டரில் இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே அளவு காட்டிய பிறகுதான் அடைக்கலாம். பியரில் கேஸ் ஏறுவதற்காகப் பாட்டிலில் போடும் சர்க்கரை லிட்டருக்கு எட்டு கிராம் போதும். 650 மில்லி பாட்டிலுக்கு ஐந்து கிராம் சொச்சம், அதாவது ஒரு தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். புளித்து முடியாத சரக்கு, இரண்டு மடங்கு சர்க்கரை, அழுத்தம் தாங்காத கண்ணாடி, அதைக் கீழே கொண்டுபோய் சேலம் வெயிலில் வைத்தால் வெடிகுண்டுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தாராளமா கம்ப்ளைன்ட் குடுங்க சார். என்ன வாங்க வந்தோம்னு போலீஸ்ல சொல்லுவீங்க?” என்றார்.

இந்த வியாபாரமே அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. எனக்கு அது புரிய ஒரு நாள் ஆனது. திங்கட்கிழமை அஸ்தம்பட்டியில் வக்கீலாக இருக்கும் நண்பரிடம் போனோம். அவர் சொன்னதைத்தான் நான் மலையேறுவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும். “இது ஆஸ்திரேலியா இல்லப்பா. சொந்தக் குடிக்கா, விக்கவான்னு இங்க சட்டம் பாக்காது” என்றார். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருடத்துச் சட்டம். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்) இருந்தபோது கொண்டுவந்தது. மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்ததும் நம் சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. இன்று அரசாங்கமே டாஸ்மாக் கடை நடத்தினாலும், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அந்தச் சட்டப்படி குற்றம். தயாரிப்பதற்கான பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருப்பதே குற்றம். அது சாராயமா பியரா என்ற கேள்விக்கே இடமில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் அத்தனை உயிரைக் குடித்த பிறகு தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். விளம்பரத்தில் ‘சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டு’ என்று போட்டிருந்தது முழுப் பொய்.

பணத்துக்கு வழி உண்டா என்று பையன் கேட்டான். சட்டம் தடுக்கும் காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது, அதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது கஷ்டம் என்றார் நண்பர். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் கூப்பிடும் 1930 எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் எதற்காகக் கொடுத்தோம் என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும் என்றார். பையனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். அக்காவும் “வேண்டாம் கண்ணு, போனது போகட்டும்” என்று அழுதாள். புகார் கொடுக்கவில்லை. நாங்கள் அந்த டின்னையும் வாளியையும் எடுத்து வராமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தது மட்டும்தான் அன்று செய்த நல்ல காரியம் என்று நண்பர் சொன்னார்.

ஈரோட்டுத் தம்பதி எங்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். நாமக்கல் பையன்கள் தங்கிவிட்டார்கள். கிளம்பும்போது அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் காகிதத்தில் இருந்த சர்க்கரைக் கணக்கைச் சொல்லி, என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அதில் ஒருவன் கூப்பிட்டான். “அண்ணா, நீங்க சொன்ன மாதிரி அந்த மாவு ஆகலை” என்று ஆரம்பித்தான். மாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மளிகைக் கடைச் சர்க்கரையும் பேக்கரி ஈஸ்டும் போட்டு, காகிதத்தில் இருந்தபடியே நாலாம் நாள் அடைத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறையில் ஒன்று வெடிக்க, அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த மேலும் நாலைந்து உடைந்திருக்கிறது. கண்ணாடிச் சில்லு மரக் கதவில் குத்தி நின்றதாம். அந்த நேரத்தில் யாரும் உள்ளே இல்லை. மிச்சத்தை என்ன செய்வதென்று கேட்டான். குழந்தை மாதிரி நடுங்கினான். கிட்டே போகாதீர்கள், தொடவேண்டியிருந்தால் கனமான துணியைப் போர்த்தி, முகத்தை மறைத்துக்கொண்டு, குளிரவைத்த பிறகே மூடியைத் தளர்த்துங்கள் என்று சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினான்.

அனுமதி இருக்கிற நாடுகளில் வசிப்பவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. டின்னில் தேதி இல்லாவிட்டால் வாங்காதீர்கள், டின் உப்பியிருந்தால் தொடாதீர்கள், ஈஸ்டைத் தனியாகப் புதிதாக வாங்குங்கள், ஹைட்ரோமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். பொறுமையாகச் செய்தால் அருமையாக வரும். அந்த அருமை தெரிந்ததால்தான் இவ்வளவு வலிக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யார் எந்தப் பெயரில் விற்றாலும் வேண்டாம்.

போன வாரம் பையனுக்கு வேறொரு நம்பரிலிருந்து புது விளம்பரம் வந்தது. இந்தத் தடவை பெயர் வேறு, ‘குளிர்காலச் சிறப்புப் பயிற்சி’ என்று போட்டிருக்கிறது, கட்டணம் 14,000. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே நீல வாளி. குழாய்க்கு மேலே பிறை மாதிரி அதே கீறல்.