‘உதை பாதியாகக் குறையும்’ என்று ரிவால்வர் பிடி விற்கிறவர்: டெக்சாஸ்காரர்கள் கவனத்துக்கு

ஹூஸ்டன் பக்கம் கன் ஷோ என்கிற துப்பாக்கிச் சந்தைக்குப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ரிவால்வருக்கு மாற்றுக் கிரிப் (கைப்பிடி) விற்கும் ஒருவரிடம் 140 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனது ஒரு பக்கம். நடுவிரல் மொளி வீங்கி, கொஞ்ச நாளைக்குச் சப்பாத்தி மாவு பிசைவதுகூட வீட்டுக்காரர் வேலையாகிப்போனது.

என்னுடையது ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 66, .357 மேக்னம், 2.5 அங்குலக் குழல். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. பழசாக வாங்கினேன், ஒல்லியான மரப்பிடியோடு வந்தது. அந்த மாதிரிப் பிடியில் டிரிகர் கார்டுக்கு, அதாவது டிரிகரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் வெறுமையாகக் கிடக்கும். சுடும்போது உதையில் (குண்டு கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது) துப்பாக்கி கைக்குள் மேலேறிச் சுழலும், கார்டின் பின்விளிம்பு வந்து நடுவிரல் மொளியில் அடிக்கும். இதே துப்பாக்கியில் போடக்கூடிய, வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா போட்டால் தாங்கலாம். மேக்னம் போட்டால் ஒரு பெட்டி முடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் பிடி மாற்ற நினைத்தேன்.

மேசைக்காரரிடம் மாடல் எண், குழல் நீளம் எல்லாம் சொன்னேன். “கே ஃபிரேம்தானே, கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் மேடம்” என்றார். (கே ஃபிரேம் என்பது ஸ்மித்தின் நடுத்தர அளவுச் சட்டம்.) என் கையைப் பார்த்துவிட்டு, “சின்னக் கைக்கென்றே செய்தது, ரோஸ்வுட், உள்ளே ஜெல் இருக்கிறது, உதை பாதியாகக் குறையும்” என்று அடுக்கினார். கார்டு மெஷின் வேலை செய்யவில்லையாம், ரொக்கம் மட்டும். ரசீது கேட்டதற்கு விலை எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வந்தது.

வீட்டில் சிலிண்டரைத் திறந்து காலியா என்று பார்த்துவிட்டு மாட்டினால், பொருந்தவே இல்லை. ஸ்மித் கே ஃபிரேமில் பிடிச்சட்டத்தின் அடிப்பகுதி இரண்டு வகை: மூலை வளைந்த ரவுண்ட் பட், மூலை சதுரமான ஸ்கொயர் பட். பழைய 4 அங்குல 66-கள் பெரும்பாலும் ஸ்கொயர் பட், 2.5 அங்குலம் ரவுண்ட் பட். தொண்ணூறுகளின் நடுவில்தான் கம்பெனி பொதுவாக ரவுண்டுக்கு மாறியது. அவர் கொடுத்தது ஸ்கொயர் பட்டுக்கான மரப்பலகை. பின்பக்கம் கீழே இரண்டு பலகைக்கும் நடுவில் சட்டம் இருக்கவேண்டிய இடம் காலி, என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. அந்த இடத்து மரவிளிம்பு இரண்டும் உள்ளங்கையில் அறுக்கும். ரவுண்ட் சட்டத்தில் மாட்டி ஸ்கொயர் வடிவம் கொடுக்கிற பிடிகளும் உண்டு, ஆனால் அவற்றில் அந்த இடம் மரத்தாலேயே நிரப்பப்பட்டிருக்கும்.

‘ஜெல்’ என்றது இருபக்கமும் ஒட்டும் ஸ்பாஞ்சு டேப். பலகைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள், அதாவது கையில் படாத இடத்தில்! திருகுத் துளையருகே நகத்தால் சுரண்டினேன். சாயம் உதிர்ந்து வெளுத்த மரம் எட்டிப்பார்த்தது.

அப்படியே ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) சுட்டும் பார்த்தேன். மொளியில் அடி முன்பைவிட மோசம், ஏனென்றால் அந்தப் பள்ளத்தை இதுவும் நிரப்பவில்லை. இன்னொரு தொல்லை: இடது பலகையின் மேல்பகுதி தடிமனாக இருந்ததால், எல்லாத் தோட்டாவையும் ஒரேயடியாகப் போடும் ஸ்பீட்லோடர் நேராக உட்காரவில்லை, காலிக் குப்பிகளைத் தள்ளினால் ஒன்று பலகை விளிம்பில் தங்கிவிடுகிறது. நல்ல பிடியில் அங்கே குடைந்து விட்டிருப்பார்கள். வலிக்குமோ என்ற பயத்தில் சுடுமுன்பே மணிக்கட்டு கீழே இறங்கி, குண்டெல்லாம் இலக்கின் அடிப்பாகத்தில். ரேஞ்ச் ஆபீசர் பிடியைத் திருப்பிப் பார்த்து, “இதை எவன் விற்றான்?” என்றார்.

‘உதை பாதி’ என்பதே புளுகு. உதையின் அளவைத் தீர்மானிப்பது குண்டின் எடை, வேகம், மருந்து, துப்பாக்கியின் எடை. பிடியால் அதைக் குறைக்க முடியாது. அது செய்வதெல்லாம் உதையைக் கையில் அகலமாகப் பரப்புவது, எலும்பில் படாமல் சதையில் பட வைப்பது, துப்பாக்கி கைக்குள் சுழலாமல் நிறுத்துவது. இதுவே பெரிய வித்தியாசம்தான், வலி நிஜமாகக் குறையும். ஆனால் யாராவது சதவீதம் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

சின்னக் கைக்கு ஒல்லிப் பிடி என்பதும் பாதி உண்மை. பின்பக்க இரும்பு திறந்திருக்கும் பிடியில் விரல் டிரிகருக்கு எளிதாக எட்டும், ஆனால் அந்த இரும்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச்சதையில் நேராக இடிக்கும். இரும்பை மூடும் ரப்பர் மெத்தென்று இருக்கும், எட்டும் தூரம் கூடிவிடும். சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் இழுவை கனம், விரல் நுனி மட்டும் தொட்டால் இழுக்க வராது. எனவே கையை உயரே வைத்துப் பிடித்து, விரல் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். விரல் பள்ளம் வெட்டிய பிடிகளிலும் கவனம். உங்கள் விரல் பள்ளத்தில் விழாமல் மேட்டில் விழுந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் உதைபடுவது அந்த விரல். வெறுந்துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தால் எல்லாப் பிடியும் சுகம்தான். சில ரேஞ்சுகளில் வாடகை ரிவால்வர் உண்டு, வெவ்வேறு பிடியில் சுட்டுப் பார்க்கலாம்.

கடைசியில் நான் போட்டது ஹோக் கம்பெனியின் சாதாரண ரப்பர் பிடி, கே ஃபிரேம் ரவுண்ட் பட்டுக்கானது. விலை அவர் வாங்கியதில் பாதிகூட இல்லை. பின்னிரும்பு திறந்தேதான் இருக்கிறது, அதனால் பயிற்சிக்கு .38, மேக்னம் எப்போதாவது. டிரிகர் கார்டுப் பள்ளம் அடைபட்டதும் மொளியில் அடி நின்றுவிட்டது.

அடுத்த ஷோவில் பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேசைவிரிப்பு மடிப்பிலிருந்து ஒரு அட்டையை இழுத்துக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. ஷோ நடத்துகிறவர்களிடம் சொன்னேன், அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம் என்று கைகழுவினார்கள். ரொக்கம் என்பதால் கார்டு கம்பெனியிலும் முறையிட வழியில்லை.

அடையாளம் சொல்கிறேன்: பிடிகளைப் பெட்டியில்லாமல் வெல்வெட் துணியில் பரப்பியிருப்பார், எதிலும் எந்த ஃபிரேம், எந்தப் பட் என்ற சீட்டு இருக்காது. “எல்லா ஸ்மித்துக்கும் பொருந்தும்” என்று ஆரம்பிப்பார். அவரிடம் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஷோ நடத்துகிறவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.