லினக்ஸ் பயனர் குழுக் கூட்டம்: இணையம் கையில் இருக்கும்போதும் போக வேண்டுமா?

லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம் பல ஆண்டுகளாக இரண்டாம் சனிக்கிழமைகளில், ஐஐடி வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிளுக்கு அருகிலுள்ள ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில் நடந்து வந்தது. நுழைவுக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. லினக்ஸ் அறிந்தவரும் வரலாம், அறிய விரும்புபவரும் வரலாம். கொரோனா காலத்தில் இணையவழிக்கு மாறிய இக்கூட்டத்தையும், ஞாயிறுதோறும் ஜிட்சி என்ற காணொளிச் சந்திப்புச் செயலியில் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் சந்திப்பையும் போன்றவை இன்றைய பயனருக்கு என்ன தருகின்றன என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

முன்பு கிடைத்ததைச் சொல்லாமல் இன்றிருப்பதை எடைபோட இயலாது. நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் தொலைபேசிக் கம்பி வழியே வந்த டயல்-அப் இணைப்பில் 700 எம்பி அளவுள்ள ஒரு சிடியை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே வெற்று சிடியோடு வந்து, வேறொருவர் கொண்டுவந்த டெபியன், ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வகைகளைப் பிரதியெடுத்துச் செல்வது அக்காலப் பயனர் குழுக்களில் வழக்கமாக இருந்தது. பழுதுபார்க்கக் கணினிப் பெட்டியையே (சிபியு) தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. லினக்ஸைத் தொடக்கும் லிலோ (LILO) நிரல், தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் திரையில் காட்டினால் எல்லாம் சரி என்று பொருள். எல், ஐ என்ற முதல் இரண்டு எழுத்துகளோடு நின்றுவிட்டால், நிரலின் இரண்டாம் பகுதி நினைவகத்தில் ஏறியும் இயங்கவில்லை என்று பொருள். ஹார்ட் டிஸ்கின் அமைப்பை, கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் நிரல் ஒருவிதமாகவும் லிலோ வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருக்கிறதா என்று அனுபவசாலிகள் உடனே அங்கே கை வைப்பார்கள்.

இந்தச் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சிடிகள் கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக அஞ்சலில் வந்தன. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்து, பதிவிறக்கம் படிப்படியாக எளிதானபின், 2011இல் உபுண்டு அந்தத் திட்டத்தையே நிறுத்திக்கொண்டது. 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளம் தொடங்கியபின், மாதக் கூட்டம் வரை சேர்த்துவைத்த கேள்விகளுக்கு நள்ளிரவிலும் விடை கிடைத்தது. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் பாஸ்டன் கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற கணினிப் பயனர் சங்கம், ஜோனதன் ரோட்டன்பெர்க் என்ற 13 வயதுச் சிறுவனின் முயற்சியால் 1977இல் தொடங்கி, 30,000 உறுப்பினர்களைத் தாண்டி வளர்ந்தது. 1984 ஜனவரி 30 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய மெக்கின்டாஷ் கணினியை அதன் கூட்டத்துக்கே கொண்டுவந்து இயக்கிக் காட்டினார். அத்தகைய அமைப்பே 1996இல் மூடப்பட்டது. செய்தி, மென்பொருள், உதவி ஆகியவற்றுக்காகச் சந்தா கட்டி வந்தவர்களுக்கு அவையெல்லாம் வேறு வழியில் கிடைக்கத் தொடங்கியபின், சந்தா கட்ட வேறு காரணம் வேண்டியிருந்தது.

அந்த வேறு காரணம் இன்னும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இத்தகைய இணையவழிச் சந்திப்பொன்றில் ஒரு மாணவர், தம் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதாகப் பிழைச்செய்தி வருகிறது என்றும், வட்டில் மிச்சமிருக்கும் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையோ பாதிக்கு மேல் காலி என்று காட்டுகிறது என்றும் சொன்னார். இணையத்தில் தேடிக் கிடைத்த யோசனைப்படி பெரிய கோப்புகளை எல்லாம் அழித்தும் பயனில்லை. மூத்தவர் ஒருவர், "டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்க தம்பி" என்றார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகச் செலவாகும் ஐநோடு என்ற பதிவுகள் முழுவதும் தீர்ந்திருந்தன. ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சிறு நிரல், அளவில் மிகச் சிறிய கோப்புகளை லட்சக்கணக்கில் எழுதித் தள்ளியிருந்தது. அழிக்கும் வழியைச் சொன்னதோடு நில்லாமல், அந்த ஸ்கிரிப்ட் யார் எழுதியது, எதற்காக ஓடுகிறது என்று அவர் மேலும் கேட்டதால்தான் சிக்கல் வேரோடு தீர்ந்தது. ஐநோடு என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. கேள்வியையே திருத்தித் தரும் மனிதர் எதிரே இருப்பது பெரிய வரம்.

குறைகளும் உண்டு. இணையவழியில் வன்பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒருவரே ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, கேள்விகளுக்குக் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கினால், அது யூடியூப் காணொளியைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. புதியவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அமைதியாக இருந்துவிடுகிறார்கள். நேர்க்கூட்டத்தில், தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்டுவிடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்துவந்தது. நேர்க்கூட்டங்கள் எங்கெல்லாம் நடக்கின்றனவோ அங்கெல்லாம் அவற்றையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கணினி அறிவியல் மாணவர்களுக்கும், சிறு அலுவலகங்களில் தனியாளாக சர்வரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். குறிப்பிட்ட மென்பொருளுக்கு முழுப் பாடத்திட்டம் தேடுபவர்களுக்கு இது பொருந்தாது. கலந்துகொள்ளும்போது பிழைச்செய்தியை முழுமையாகவும், அதற்குமுன் கொடுத்த கட்டளைகளை வரிசையாகவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம், தமிழிலேயே கேட்கலாம்.