டிவிபி-டி2 என்ற எழுத்தைப் பார்க்காமல் டிகோடர் வாங்காதீர்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில் 2019 ஜூலை 21 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, நாட்டின் மற்றப் பகுதிகளும் அதே ஆண்டிலேயே டிஜிட்டலுக்கு மாறவிருந்த வேளையில், பேராக்கில் தனியாக வசிக்கும் என் அத்தையிடம் மின்சாதனக் கடை ஒன்று 365 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத டிகோடர் பெட்டியை, அதாவது டிஜிட்டல் அலையைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டிய கருவியை, தலையில் கட்டிவிட்டது. வயதான பெற்றோர் பழைய டிவி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அத்தையினுடையது பின்பக்கம் புடைத்த பழைய குழாய் டிவி. டிவி2இல் வரும் தமிழ்ச் செய்தியைத் தவிர அவர் அதில் அதிகம் பார்ப்பதில்லை. கடையிலிருந்து வந்தவர் டிகோடரை மாட்டி அலைவரிசைகளைத் தேடவிட்டபோது, தேடல் நூறு விழுக்காட்டைத் தொட்டும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. “ஆன்ட்டி, உங்கள் ஏரியல் பழசு, டிஜிட்டல் ஏரியல் போட வேண்டும்” என்று சொல்லி, கூரையில் இருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அப்போதும் படம் வராததால், டிவியே ஒத்துவராது, தவணையில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறிவிட்டுப் போய்விட்டார்.

நான் போய் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலட்டையில் ‘எச்டி’ என்று பொன்னிறத்தில் பெரிதாகப் போட்டிருந்ததே தவிர, அடியில் ஒட்டியிருந்த தாளில் டிவிபி-டி (DVB-T) என்ற பழைய டிஜிட்டல் முறையின் பெயர் மட்டுமே இருந்தது. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையும் இல்லை. மலேசியாவின் டிஜிட்டல் ஒளிபரப்பு அதற்கு அடுத்து வந்த டிவிபி-டி2 (DVB-T2) முறையில் நடப்பது. டி2 பெட்டி பழைய டி முறையையும் பொதுவாக வாங்கிக்கொள்ளும். டி பெட்டியால் டி2 அலையை எந்த ஏரியலை மாட்டினாலும் வாங்க முடியாது. அந்த மாற்றத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு வாங்கிய தட்டை டிவிகள் சிலவும் இதே கதைதான் என்பதால், ‘டிஜிட்டல்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

டிஜிட்டல் ஏரியல் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த ஒளிபரப்பு யுஎச்எஃப் எனும் உயர் அதிர்வெண் அலைகளில் வருவதால், மீன்முள் போன்ற பழைய யுஎச்எஃப் ஏரியல் நல்ல நிலையில் இருந்தாலே போதும். அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணுக்கான விஎச்எஃப் ஏரியல் மட்டும் வைத்திருப்பவர்கள்தாம் மாற்ற வேண்டும். பழைய டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் டிகோடரின் கம்பியை அவற்றில் செருகி, ரிமோட்டில் ஏவி பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். கழற்றிய ஏரியல் அத்தையின் சமையற்கட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை மறுபடி ஏற்றி, உறவினர் வீட்டு டி2 டிகோடரை அந்தக் குழாய் டிவியிலேயே இணைத்தபோது டிவி2 தெளிவாகத் தெரிந்தது. எறியச் சொன்ன டிவிதான் அது!

எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது வேறொன்று. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பிஎஸ்எச் உதவித்தொகையைப் பெற்றவர்களுக்கு அரசாங்கம் அப்போது டிகோடரை இலவசமாகவே வழங்கியது. அத்தையும் அந்த உதவித்தொகை பெற்றவர்தாம். கடையில் ஒருவரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை.

பிரித்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறது கடை. ரசீதில் ‘டிவி வேலை’ என்று மட்டும் கிறுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது பெட்டியின் மாடலையும் டிவிபி-டி2 என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு கடையைப் பாருங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, அத்தையின் பெயரில் மனுக் கொடுத்திருக்கிறோம். பெட்டியின் அடித்தாளைப் படமெடுத்து அதனுடன் இணைத்துள்ளோம்.