உள்ளரங்குப் பண்ணையின் கேல் கீரை: தரம் உண்டு, விலைதான் இடிக்கிறது

சிங்கப்பூர்ப் பேரங்காடியில் வாங்கிய, எல்இடி விளக்கொளியில் மண்ணின்றி வளர்க்கப்பட்ட கேல் கீரை, குளிர்பெட்டியில் ஒரு வாரம் கழித்தும் வாடவில்லை. இலையில் பூச்சித் துளையோ மண்துகளோ இல்லாததால் ஒருமுறை அலசினாலே போதும். பருப்போடு கடைந்தபோது மணம் சற்றுக் குறைவு.

விலையோ, தேக்கா சந்தையின் மலேசியக் கீரைக் கட்டைவிடப் பல மடங்கு. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்க 2019இல் இலக்கு வைத்த அரசு, 2021இல் 6 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிதியை அறிவித்துப் பண்ணைகளின் கருவிச் செலவைப் பகிர்ந்துகொண்டது. இருந்தும், விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் மின்கட்டணம் விலையை இறங்கவிடவில்லை. 2025இல் அந்த இலக்கே மாற்றப்பட்டுவிட்டது. மானியம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த அளவுக்கு, வருமானம் குறைந்தோரின் சமையலறைக்கு வந்து சேரவில்லை என்பதே என் கணிப்பு. பச்சையாக உண்பதற்கு மட்டும் வாங்கலாம்.