ஐந்தாவது வருடத்தில் மின் ஸ்கூட்டர்: பேட்டரி மாற்றிய அனுபவம்

மதுரையில் தினமும் அலுவலகம் போய்வர ஓட்டும் வண்டி இது. மோட்டாரில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. பிரேக் ஷூ, டயர் தவிர பெரிய செலவும் வைக்கவில்லை. பேட்டரிதான் படுத்தி எடுத்துவிட்டது.

மூன்று வருட வாரண்டி முடிந்து, அடுத்த கோடையில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையத் தொடங்கியது. அப்புறம் மீட்டரில் 20 சதவீதம் காட்டும்போதே மேம்பாலம் ஏறுகையில் வண்டி பொட்டென்று நின்றுவிடும். ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. கம்பெனியின் உதவி எண்ணில் புகார் எண் மட்டும் கிடைத்தது.

லித்தியம் பேட்டரி சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் பேக்கைத் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். 60 வோல்ட் பேக்கில் 16 செல் வரிசைகள். பதினைந்தில் 3.6 வோல்ட் சுற்றி நிற்க, ஒன்றில் மட்டும் 3.1. ஏற்றத்தில் கரண்ட் அதிகம் இழுக்கும்போது அந்த ஒரு வரிசை கீழ் எல்லையைத் தொட்டுவிடும்; உடனே பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் மொத்த பேக்கையும் துண்டித்துவிடும். மீதி வரிசைகளில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. "புது செல் போட்டுத் தரலாம் அண்ணா, ஆனா பழசோட சேர்ந்து ரொம்ப நாள் ஓடாது" என்று அவரே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் இன்னும் போகிறேன்.

புது பேக் கேட்டால், அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். புதிய பேக்கின் பிஎம்எஸ், மோட்டாரை இயக்கும் பழைய கன்ட்ரோலரோடு பேசாது, ஆகவே கன்ட்ரோலரும் மாற்ற வேண்டும் என்றார்கள். பல மாதம் அலைந்து மாற்றியபோது வண்டி விலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வண்டியோடு வரும் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையே தனியாக வாங்கினால் 18. ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போடாமல் பேட்டரி மட்டும் மாற்றுகிறவருக்கு ஏன் கூடுதல் வரி? இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

இப்போது 8 வருடம், 80,000 கிலோமீட்டர் வரை வாரண்டி கிடைக்கிறது, நல்ல மாற்றம். ஆனால் எதற்கு வாரண்டி என்று பாருங்கள். உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும் என்றால், ரேஞ்ச் பாதியானாலும் "வயசாயிடுச்சு சார்" என்று சொல்லிவிடலாம். ஏத்தர் கம்பெனியின் நீட்டிப்பு வாரண்டியில் இருப்பதுபோல 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்று எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும். வாரண்டி முடிந்தபின் பேக் என்ன விலை என்பதையும் ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுங்கள்.

பழைய பேக்கைக் காயலான் கடையில் போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேக் வாங்கும்போதே பழையதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.