ஏழு மாதப் பயன்பாட்டில் ஒரு நாஸ் பெட்டி: அட்டையில் அச்சிட்ட சொற்களுக்கு என்ன பொருள்?

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கொண்ட நாஸ் பெட்டி ஒன்றை ஏழு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம். யுஎஸ்பி வழியே செருகும் டிஸ்க் ஒரு கணினிக்கு மட்டுமே உரியதாக இருக்க, இது ரவுட்டரோடு கேபிளால் இணைந்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் பொது அலமாரியாகிவிடுகிறது. சாதனத்தின் உழைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. அட்டையில் அச்சிட்டிருந்த சொற்களை நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறு இருந்தது.

‘8 டெராபைட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியை இயக்கியபோது விண்டோஸ் காட்டியதோ 3.63 டெராபைட். அளவு பாதியாகக் குறைந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளும் ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கியதுதான். எஞ்சிய குறைவு வெறும் கணக்கு வேறுபாடு: தயாரிப்பாளர் லட்சம் கோடி பைட்டை ஒரு டெராபைட் என்கிறார்; விண்டோஸ் 1,099,511,627,776 பைட்டை அப்படி அழைக்கிறது. இந்த இரண்டாவது அளவுக்கு 1998-இலேயே ‘டெபிபைட்’ என்று தனிப்பெயர் வந்துவிட்டபோதிலும் விண்டோஸ் பழைய பெயரை விடவில்லை. ஆகவே டிஸ்க்கில் ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை.

ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு 1 என்று பெயர். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1988-இல் ரெய்டு (RAID) என்ற பெயரை ஆய்வுக்கட்டுரையில் அறிமுகப்படுத்தியபோது, அதன் மூன்றாம் எழுத்து ‘மலிவான’ என்பதைக் குறித்தது; விலையுயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்கு மாற்றாகப் பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்ப்பதே அவர்கள் யோசனை. ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு வேலை தடைபடாமல் தொடரும். அட்டையில் இதைத்தான் ‘முழுமையான பாதுகாப்பு’ என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் மாதத்தில் ஒரு புகைப்படக் கோப்புறையைத் தவறுதலாக அழித்தேன். ரெய்டு தன் கடமையைப் பிசகாமல் செய்து, இரண்டாம் டிஸ்க்கிலும் அதை அந்தக் கணமே அழித்துவிட்டது. நெட்வொர்க்கில் அழிப்பவை கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கும் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இப்பெட்டியில் இருந்தும், அதை நாமாக இயக்கினால்தான் இயங்கும் என்று வைத்திருக்கிறார்கள். என் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் குறைவதற்கு இதுவே காரணம். படங்கள் பழைய மடிக்கணினியில் இருந்ததால் தப்பித்தேன்.

வேகத்தைப் பற்றிய சொல்லிலும் கவனம் வேண்டும். ‘1 கிகாபிட்’ என்பது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், அது நொடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட். எனக்குக் கேபிளில் சுமார் 110 கிடைக்கிறது, இது நல்ல வேகமே. ஆனால் முதல் வாரத்தில் 11-ஐத் தாண்டவில்லை என்பதால் பெட்டியைத் திருப்பி அனுப்பும் நிலைக்கே வந்துவிட்டேன். பிறகு பார்த்தால், இடையில் நெட்வொர்க் கேபிள்களை இணைத்திருந்த என் பழைய சுவிட்ச் 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தது. சங்கிலியில் எது மெதுவானதோ, அதன் வேகம்தான் மொத்தத்துக்கும். வைஃபையில் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் பெரிய வீடியோக்களைக் கேபிளிலேயே அனுப்புகிறேன்.

நெட்வொர்க்கில் சேரும் சாதனங்களுக்குத் தானாகவே ஐபி முகவரி எண் வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி வசதி ஒருமுறை பெட்டிக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிட, எண்ணை வைத்து நான் அமைத்திருந்த இணைப்புகள் அனைத்தும் அறுந்தன. ரவுட்டர் அமைப்பில் அதே முகவரியை இப்பெட்டிக்கென ஒதுக்கியபின் தொல்லை இல்லை. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பல கணினிகள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடவே ஒரு தனி யுஎஸ்பி டிஸ்க்கும் வாங்கிவிடுங்கள்: பெட்டியின் பின்புறத் துளையில் அதை வாரம் ஒருமுறை செருகி, நகல் முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்கிறேன்.