செயினுக்குத் தாவர எண்ணெய்: ஆறு மாத அனுபவம்

போன வருஷம் வரைக்கும் என் சைக்கிள் செயினை டீசலில்தான் கழுவினேன். அந்தக் கறுப்புத் தண்ணீர் வாசல் வடிகாலில் இறங்கி பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தானே போகும் என்று தெரிந்த பிறகு மனசு கேட்கவில்லை. தாவர எண்ணெயில் செய்த, டெஃப்லான் கலக்காத லூப் (செயினுக்குப் போடும் மசகெண்ணெய்) ஒரு பாட்டில் வாங்கினேன். டெஃப்லான் மண்ணில் மக்கவே மக்காது.

ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வருகிறேன். ஈ.சி.ஆர். உப்புக்காற்றிலும் செயின் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் போடும் விதம் முக்கியம். ஒவ்வொரு உருளையிலும் ஒரே சொட்டு. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே பழைய வேட்டித் துணியால் இறுக்கித் துடைக்க வேண்டும். வெளியே ஈரம் மிஞ்சினால் மணல் ஒட்டி, அரைத்தே செயினைத் தின்றுவிடும்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை எடுக்காததில் எண்ணெய் பிசினாக இறுகிவிட்டது. வெந்நீரும் பூந்திக்கொட்டைக் கரைசலும் விட்டுத் தேய்த்து எடுத்தேன். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்களுக்கு இந்த எண்ணெய் சரிப்படாது.

மக்கும் எண்ணெய்தானே என்று கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதில் உலோகத் துகள் இருக்கும். பின்னால் 11 கியர் உள்ள வண்டியென்றால், செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிவிடுங்கள், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) தப்பிக்கும்.